அந்த 8 மாத்திரை எதுக்கு? கொலஸ்ட்ராலைத் தாண்டி ஸ்டாடின் செய்யற வேலைகள்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

வழக்கமா இங்க கோட், சர்வர், ஆபீஸ் கதைன்னுதான் பேசுவோம். இந்த வாரம் ஒரு மாத்திரையைப் பத்திப் பேசப் போறோம். நான் டாக்டர் இல்ல, இன்ஜினியரிங் படிச்சவன். அதனால இதைக் கேட்டுட்டு மருந்தை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஆனா உங்க அப்பா, அம்மா மாத்திரை டப்பாவுல 'ஸ்டாடின்'னு முடியற ஒரு பேர் இருந்தா, இந்த எபிசோட் உங்களுக்கானது.

எங்க வீடு காக்களூர். திருவள்ளூருக்குப் பக்கத்துல, சிட்கோ தொழிற்பேட்டை இருக்கற ஊர். ஆவின் பால் பண்ணை இருக்கற இடம்னு சொன்னா சிலருக்குத் தெரியும். அப்பா அங்க ஒரு சின்ன யூனிட்ல முப்பது வருஷமா லேத் ஓட்டறார். 2023 கடைசியில, ஒரு நாள் காலை ஷிப்ட்ல அவருக்கு நெஞ்சு அடைக்கற மாதிரி இருந்திருக்கு. கேஸ்னு நினைச்சு சோடா வாங்கிக் குடிச்சிருக்கார். கூட வேலை செய்யற அண்ணன் ஒருத்தர் அப்பா சட்டை நனைஞ்சிருக்கறதைப் பார்த்துட்டு, பேச்சே இல்லாம பைக்ல ஏத்தி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அங்க ஈ.சி.ஜி. எடுத்தாங்க. மாரடைப்பு. நர்ஸ் அக்கா ஒரு கை நிறைய மாத்திரை கொடுத்து முழுங்கச் சொல்லி, 108-ல ஏத்திப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாங்க. அன்னைக்கே ஸ்டென்ட் வெச்சாச்சு. அப்பா பிழைச்சுட்டார்.

அந்த ஒரு கை மாத்திரை என்னன்னு அப்புறமாத்தான் சீட்டைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டேன். மொத்தம் 14. ஆஸ்பிரின் 2, க்ளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாடின் 10 மில்லிகிராம் மாத்திரை 8. இது அந்த நர்ஸ் அக்கா அவங்களா முடிவு பண்ணிக் கொடுத்தது இல்ல. 'இதயம் காப்போம்' திட்டம்னு தமிழ்நாடு அரசு 2023-ல ஆரம்பிச்சது. ஆரம்ப சுகாதார நிலையம், துணை சுகாதார நிலையம்னு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்கள்ல இந்த முதல் டோஸை இருப்புல வெச்சிருக்காங்க. இப்படி ஒரு திட்டம் எதுக்குன்னு கேட்டா, 2008-ல லான்செட்ல வந்த 'கிரியேட்' ஆய்வைப் பார்க்கணும். இந்தியா முழுக்க 20,000-க்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைப் பதிவு பண்ணின ஆய்வு. பெரிய மாரடைப்பு வந்தவங்க ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து சேரவே எடுத்துக்கிட்ட இடைநிலை நேரம் 360 நிமிஷம். ஆறு மணி நேரம்! பெரிய ஆஸ்பத்திரி தூரத்துல இருந்தா, முதல் மருந்தாவது பக்கத்துல கிடைக்கட்டும்ங்கறதுதான் யோசனை.

சரி, இப்ப என் கேள்விக்கு வர்றேன். ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் ரத்தம் உறையாம தடுக்கும். ரத்தக்குழாய் அடைச்சிருக்கு, அதனால கொடுக்கறாங்க, புரியுது. ஆனா அட்டார்வாஸ்டாடின் கொலஸ்ட்ரால் மாத்திரை. அது கொலஸ்ட்ராலை இறக்க நாள் கணக்கு, வாரக் கணக்கு ஆகும். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள ஒண்ணும் இறங்காது. அப்புறம் எதுக்கு ஒரே நேரத்துல எட்டு?

அப்ப எனக்கு இது வெறும் ஆர்வக் கேள்விதான். ஒன்றரை வருஷம் கழிச்சு வீட்டுப் பிரச்சினை ஆயிடுச்சு.

"நார்மல்னு போட்டிருக்கான் பாருடா"

போன வருஷம் அப்பாவோட ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. எல்.டி.எல்., அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், 61. அருமையான நம்பர். மூணு வாரம் கழிச்சு மாத்திரை வாங்கப் போறப்ப பார்த்தா, ஸ்டாடின் அட்டை மட்டும் அப்படியே இருக்கு. கேட்டா, "ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டிருக்கான் பாருடா. காய்ச்சல் விட்டப்புறமும் நீ பாராசிட்டமால் போட்டுக்குவியா? கால் வேற வலிக்குது"ன்னார்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த நிமிஷம் என்கிட்ட பதில் இல்ல. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதுக்குப் பதில் தேடித்தான் படிக்க ஆரம்பிச்சேன்.

முதல்ல இந்த மருந்து வந்த கதை. ஜப்பான்ல அகிரா எண்டோன்னு ஒரு உயிர்வேதியியலாளர். டோக்கியோவுல சாங்க்யோ கம்பெனியில வேலை. பூஞ்சைகள் மத்த கிருமிகளைக் கொல்ல, அதுங்களோட கொலஸ்ட்ரால் தயாரிப்பை முடக்கற பொருள் எதையாவது சுரக்கலாம்னு அவருக்கு ஒரு யூகம். 6,000-க்கும் மேற்பட்ட பூஞ்சை, நுண்ணுயிர் வகைகளைச் சோதிச்சு, 1973-ல ஒரு பெனிசிலியம் பூஞ்சையில அதைக் கண்டுபிடிச்சார். அதுதான் முதல் ஸ்டாடின். கடைக்கு வந்த முதல் ஸ்டாடின் லோவாஸ்டாடின், அமெரிக்காவுல 1987-ல. எண்டோ 2024 ஜூன்ல, 90 வயசுல காலமானார்.

ஸ்டாடின் எப்படி வேலை செய்யுதுன்னா, நம்ம கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கற பாதையில ஆரம்பத்துலயே ஒரு நொதி இருக்கு. ஸ்டாடின் அதைத் தடுக்குது. உள்ள தயாரிப்பு குறைஞ்சதும் கல்லீரல் செல்கள் கொலஸ்ட்ராலுக்குத் தவிக்குது. அதனால ரத்தத்துல இருந்து எல்.டி.எல்.-ஐப் பிடிச்சு உள்ள இழுக்கற கைகளை, அதாவது ஏற்பிகளை, அதிகமா வெளிய நீட்டுது. ரத்தத்துல எல்.டி.எல். இறங்குது. இந்த ஏற்பியைக் கண்டுபிடிச்ச பிரவுன், கோல்ட்ஸ்டீன் ரெண்டு பேருக்கும் 1985-ல நோபல் பரிசு கிடைச்சது.

ஒரு லைப்ரரி, பல மாட்யூல்

சாஃப்ட்வேர் ஆளுங்களுக்கு இனிமே சொல்றது சட்டுனு புரியும். ஒரு பெரிய ப்ராஜெக்ட்ல எல்லாரும் பயன்படுத்தற பொது ஃபங்ஷன் ஒண்ணு இருக்கும். ஒரு பக் சரி பண்ண அதுல கை வெச்சா, நீங்க நினைக்காத நாலு மாட்யூல்ல நடத்தை மாறும். ஸ்டாடின் கை வெக்கற நொதியும் அப்படித்தான். அந்தப் பாதையோட கடைசியில வர்ற பொருள்ல கொலஸ்ட்ரால் ஒண்ணு மட்டும்தான். நடுவுல ஐசோபிரினாய்டுன்னு சில சின்ன மூலக்கூறுகளும் தயாராகுது. செல்லுக்குள்ள இருக்கற சில கட்டுப்பாட்டுப் புரதங்களுக்கு அது கொக்கி மாதிரி. கொக்கி மாட்டினாத்தான் அந்தப் புரதம் செல் சவ்வுல போய் ஒட்டி வேலை செய்யும்.

அதுல ஒண்ணு 'ரோ'ங்கற புரதம். ரத்தக்குழாயோட உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயுவைத் தயாரிக்கும். குழாயைத் தளர்த்தி, ரத்தம் சீரா ஓட உதவறது அதுதான். ரோ புரதம் அதிகமா வேலை செஞ்சா இந்தத் தயாரிப்பு குறையும். ஸ்டாடின் எடுத்தா கொக்கி குறையுது, ரோ அடங்குது, நைட்ரிக் ஆக்சைடு கூடுது. ஆய்வகத்துல இந்தச் சங்கிலியைத் தெளிவாவே காட்டியிருக்காங்க. கொலஸ்ட்ரால் நம்பர் மாறறதுக்குக் காத்திருக்காத வேலை இது.

ரெண்டாவது, அழற்சி. மாரடைப்புன்னா, குழாய்ல கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாப் படிஞ்சு ஒரு நாள் முழுசா அடைச்சுக்கறதுன்னுதான் நாம நினைக்கறோம், கிச்சன் சிங்க் பைப் மாதிரி. பெரும்பாலும் அப்படி நடக்கறதில்ல. குழாய்ச் சுவருக்குள்ள இருக்கற கொழுப்புப் படிவு ஒரு சீழ்க்கட்டி மாதிரி. உள்ள கொழுப்பும் கோபமான வெள்ளையணுக்களும், மேல ஒரு மெல்லிய தோல். அந்தத் தோல் கிழிஞ்சா உள்ள இருக்கறது ரத்தத்துல படும். அங்க ரத்தம் உறைஞ்சு, சில நிமிஷத்துல குழாய் அடைபடும். பாதிகூட அடைக்காத படிவு கிழிஞ்சும் மாரடைப்பு வரலாம். ஸ்டாடின் எடுக்கறவங்களுக்கு இந்த அழற்சி குறையுது, படிவோட மேல்தோல் கெட்டிப்படுது. அழற்சியைக் காட்டற சி.ஆர்.பி. அளவும் ரத்தத்துல இறங்குது.

மூணாவது, ரத்தம் உறையற தன்மை கொஞ்சம் குறையுது. இதைக் காட்டின ஆய்வு 'ஜூபிடர்', 2008-ல வந்தது. கொலஸ்ட்ரால் அதிகமா இல்லாத, ஆனா சி.ஆர்.பி. அதிகமா இருந்த 17,802 பேர். பாதிப் பேருக்கு ரோசுவாஸ்டாடின், பாதிப் பேருக்கு வெத்து மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய நிகழ்வுகள் 44 சதவீதம் குறைஞ்சது. கால் நரம்புல, நுரையீரல்ல ரத்தக்கட்டி வந்தவங்க வெத்து மாத்திரைப் பக்கம் 60 பேர், ஸ்டாடின் பக்கம் 34 பேர். கால் நரம்புல வர்ற கட்டிக்கும் கொழுப்புப் படிவுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்ல. அதனாலதான் இந்த நம்பர் சுவாரசியம்.

இதெல்லாம் உண்மையா, இல்ல எல்லாம் கொலஸ்ட்ரால்தானா?

இங்க கொஞ்சம் நிதானமா இருக்கணும். ஜூபிடர்ல சி.ஆர்.பி. இறங்கினது மட்டும் இல்ல, எல்.டி.எல்.-உம் பாதியாக் குறைஞ்சது. ரெண்டு வேரியபிளை ஒரே நேரத்துல மாத்திட்டு, எதனால ரிசல்ட் வந்ததுன்னு சொல்ல முடியாது. ஏ/பி டெஸ்ட் பண்ணினவங்களுக்கு இது தெரியும். அப்ப ஒவ்வொண்ணாத் தனியா மாத்திப் பார்க்கணும். அதையும் பண்ணியிருக்காங்க.

முதல் சோதனை: கொலஸ்ட்ராலை மட்டும் இறக்கு, அழற்சியைத் தொடாதே. பி.சி.எஸ்.கே.9 தடுப்பு ஊசி அப்படித்தான், சி.ஆர்.பி.-ஐ அது மாத்தாது. 2017-ல 27,564 பேர்கிட்ட நடந்த 'ஃபூரியர்' ஆய்வுல, ஏற்கெனவே ஸ்டாடின் எடுக்கறவங்களுக்கு இந்த ஊசியையும் சேர்த்துக் கொடுத்தப்ப பெரிய நிகழ்வுகள் 15 சதவீதம் குறைஞ்சது.

ரெண்டாவது சோதனை: அழற்சியை மட்டும் இறக்கு, கொலஸ்ட்ராலைத் தொடாதே. அதே 2017-ல 'கான்டோஸ்' ஆய்வு. மாரடைப்பு வந்துபோன 10,061 பேர். அழற்சிச் சங்கிலியைத் தடுக்கற கனகினுமாப் ஊசி. எல்.டி.எல். அப்படியே இருந்தது. 150 மில்லிகிராம் டோஸ்ல பெரிய நிகழ்வுகள் இங்கயும் 15 சதவீதம் குறைஞ்சது. ஆனா உயிரைப் பறிக்கற நோய்த்தொற்று கூடினதால, அது இதய மருந்தா நடைமுறைக்கு வரல.

ஆக, ரெண்டு கதவுமே உண்மை. ஸ்டாடின்ங்கறது ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் திறக்கற ஒரு சாவி. அதுல பெரிய கதவு எதுன்னு கேட்டா, எல்.டி.எல்.தான். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குப்படி, எல்.டி.எல். சுமார் 39 புள்ளி இறங்கினா பெரிய நிகழ்வுகள் ஐந்துல ஒரு பங்கு குறையுது. ஸ்டாடின் இல்லாத வேற மருந்தால இறக்கினாலும் கணக்கு கிட்டத்தட்ட அதே கோட்டுலதான் போகுது. மத்த நன்மைகள் அதுக்கு மேல கிடைக்கற உதவி. அதுவும் குறிப்பா நெருக்கடி நேரத்துல.

இதை ரொம்ப நம்பி ஏமாந்த கதையும் உண்டு. அழற்சியைக் குறைக்குதுன்னா எல்லா நோய்க்கும் கொடுக்கலாமேன்னு முயற்சி பண்ணாங்க. இதயம் பலவீனமானவங்களுக்கு 'கொரோனா'ன்னு ஒரு ஆய்வு, 2007-லயே வந்துட்டது, வைரஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. டயாலிசிஸ்ல இருக்கறவங்களுக்கு 2009-ல 'அரோரா'. நுரையீரல் நோய்க்கு, அல்சைமருக்கும்கூட. எதுலயும் எதிர்பார்த்த பலன் வரல. ஆய்வகத்துல அழகா வேலை செய்யறது மனுஷ உடம்புலயும் அப்படியே வேலை செய்யணும்னு கட்டாயம் இல்ல. லோக்கல்ல ஓடின கோட் ப்ரொடக்ஷன்ல விழற மாதிரிதான்.

திரும்ப அந்த 8 மாத்திரைக்கு

2001-ல 'மிராக்கிள்' ஆய்வு. நெஞ்சுவலியோட ஆஸ்பத்திரிக்கு வந்த 3,086 பேர்ல பாதிப் பேருக்கு, 1 முதல் 4 நாளுக்குள்ள 80 மில்லிகிராம் அட்டார்வாஸ்டாடின் ஆரம்பிச்சாங்க, மீதிப் பேருக்கு வெத்து மாத்திரை. 16 வாரத்துல மறுபடி பிரச்சினை வந்தவங்க 17.4 சதவீதத்துல இருந்து 14.8 ஆனது. சீக்கிரம் ஆரம்பிச்சா பலன் உண்டுன்னு காட்டின முதல் பெரிய ஆய்வுகள்ல இது ஒண்ணு.

ஸ்டென்ட் வெக்கறதுக்கு முன்னாடியே ஒரு பெரிய டோஸ் கொடுத்தா? இதைப் பிரேசில்ல 4,191 பேர்கிட்ட சோதிச்சு, 2018-ல 'செக்யூர்'னு வெளியிட்டாங்க. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தா வித்தியாசம் நிரூபணம் ஆகல. ஆனா நிஜமாவே ஸ்டென்ட் சிகிச்சைக்குப் போனவங்களை மட்டும் பார்த்தா, 30 நாள்ல பெரிய நிகழ்வுகள் 8.2-ல இருந்து 6 சதவீதம் ஆயிருந்தது. ஒரு பகுதிக் குழுவோட கணக்குங்கறதால அதைக் கொஞ்சம் ஜாக்கிரதையாத்தான் எடுத்துக்கணும்.

இதையெல்லாம் படிச்சப்புறம் அந்த 8 மாத்திரையைப் பத்தி எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். அது மேஜிக் இல்ல. விலை குறைவு, ஒரு டோஸ்ல ஆபத்து மிகக் குறைவு, ஸ்டென்ட்டுக்குப் போறவங்களுக்கு உதவ வாய்ப்பு உண்டு, நாள் கடத்தாம முதல் நிமிஷத்துலயே வைத்தியம் தொடங்கிடுது. அந்த இடத்துல அது ஒரு புத்திசாலித்தனமான முடிவு.

ஒரு எச்சரிக்கை. இந்த 14 மாத்திரையை வீட்டுல வாங்கி வெச்சுக்கிட்டு நீங்களே கொடுக்கக் கூடாது. நெஞ்சுவலின்னு நினைக்கறது வேற ரத்தக்கசிவுப் பிரச்சினையா இருந்தா, ரத்தம் உறையாம தடுக்கற மருந்து உயிருக்கே ஆபத்து. நீங்க பண்ண வேண்டியது 108-க்குப் போன் பண்றது, பக்கத்து சுகாதார நிலையத்துக்குப் போறது.

நிறுத்தினா என்ன ஆகும்?

அப்பாவோட கேள்விக்கு நேரடிப் பதில் எனக்கு 2002-ல வந்த ஒரு ஆய்வுல கிடைச்சது. நெஞ்சுவலியோட ஆஸ்பத்திரிக்கு வந்த 1,616 பேரோட தரவு. ஏற்கெனவே ஸ்டாடின் எடுத்துக்கிட்டு இருந்த சிலருக்கு ஆஸ்பத்திரியில அது நின்னு போச்சு. தொடர்ந்து எடுத்தவங்களோட ஒப்பிட்டா, 30 நாள்ல இறப்போ மாரடைப்போ வர்ற அபாயம் நிறுத்தினவங்களுக்குக் கிட்டத்தட்ட 3 மடங்கு. கொலஸ்ட்ரால் அளவால இந்த வித்தியாசத்தை விளக்க முடியல. குலுக்கல் முறையில பிரிச்சுப் பண்ணின ஆய்வு இல்ல, நிறுத்தினவங்க எண்ணிக்கையும் குறைவு. ஆனாலும் அப்பா கையில இருக்கற அட்டையை நினைச்சப்ப எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

பாராசிட்டமால் உதாரணம் ஏன் பொருந்தாதுன்னா, காய்ச்சல் வந்து போற விஷயம். எல்.டி.எல். 61-ல இருந்தது மாத்திரை இருந்ததால. மாத்திரையை எடுத்தா நம்பர் சில வாரத்துல பழையபடி ஏறிடும். குழாய்ச் சுவருக்குக் கிடைச்ச மத்த பாதுகாப்பும் கூடவே போயிடும்.

கால்வலி? அதையும் லேசா எடுத்துக்கல. 2020-ல 'சாம்சன்'னு இங்கிலாந்துல ஒரு ஆய்வு. பக்கவிளைவால ஸ்டாடினை நிறுத்தின 60 பேர். அவங்களுக்கு 12 மாசத்துக்கு 12 பாட்டில். நாலுல ஸ்டாடின், நாலுல வெத்து மாத்திரை, நாலு காலி பாட்டில். தினமும் தொந்தரவுக்கு மார்க் போடச் சொன்னாங்க. காலி பாட்டில் மாசத்துல சராசரி 8. ஸ்டாடின்ல 16.3. வெத்து மாத்திரையில 15.4! வலி பொய் இல்ல, நிஜமாவே வலிச்சிருக்கு. ஆனா அதுல 90 சதவீதம் 'மாத்திரை போடறேன்'ங்கற நினைப்புல இருந்தே வந்திருக்கு. உண்மையான தசைப் பாதிப்பும் சிலருக்கு வரும், அதைப் பரிசோதிச்சுத்தான் சொல்ல முடியும்.

இன்னொரு குறையையும் மறைக்க வேண்டாம். ஸ்டாடின் சர்க்கரை நோய் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டும். 255 பேர் 4 வருஷம் எடுத்தா, கூடுதலா ஒருத்தருக்கு வரலாம்னு 2010-ல ஒரு கணக்கு வந்தது. மாரடைப்பு வந்தவங்களுக்கு அதைவிட நன்மை பெருசு. எந்தப் பிரச்சினையும் இல்லாத 28 வயசு ஆளுக்கு அந்தக் கணக்கு வேற. கர்ப்பமா இருக்கறவங்க, அதுக்குத் திட்டமிடறவங்க டாக்டர்கிட்ட கண்டிப்பாப் பேசணும்.

நம்ம வயசுக்காரங்க எதுக்கு இதைக் கேக்கணும்? 'இன்டர்ஹார்ட்' ஆய்வுப்படி தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வர்ற சராசரி வயசு 53. மத்தவங்களுக்குச் சுமார் 59. ஆறு வருஷம் முன்னாடி. உங்க அப்பாவுக்கு இப்ப என்ன வயசு?

கூலன்ட்

இவ்வளவு படிச்சுட்டு அப்பாகிட்ட போய் ரோ புரதம், நைட்ரிக் ஆக்சைடுன்னு ஆரம்பிச்சேன். டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அப்புறம் வேற மாதிரி கேட்டேன். "லேத்ல சூடு ஏறலன்னு கூலன்ட்டை நிறுத்துவியாப்பா?"

திரும்பிப் பார்த்தார். "கூலன்ட் இருக்கறதாலதானேடா சூடு ஏறல." கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார்: "சூட்டுக்கு மட்டும்னு நினைச்சியா? டூல் தேயாது, இரும்புச் சுருளை அடிச்சுட்டுப் போயிடும், ஜாப் துருப்பிடிக்காது."

நான் ரெண்டு வாரமாப் படிச்சதை அவர் ரெண்டு வரியில முடிச்சுட்டார்.

அடுத்த நாள் டாக்டரைப் பார்த்தோம். ரத்தத்துல தசைப் பரிசோதனை பண்ணாங்க, சரியா இருந்தது. வேற ஸ்டாடினுக்கு மாத்திக் கொடுத்தார். கால் இன்னும் அப்பப்ப வலிக்குதுன்னு சொல்றார். பத்து மணி நேரம் நின்னுக்கிட்டு வேலை செய்யற காலும்தானே அது. ஆனா மாத்திரை போடறார். நான் சனிக்கிழமை சனிக்கிழமை அட்டையை எண்றேன். அவருக்கும் அது தெரியும்.

இந்த வாரம் நீங்களும் வீட்டுக்குப் போன் பண்றப்ப, சாப்டீங்களான்னு கேக்கறதோட அந்த அட்டையில எத்தனை மாத்திரை மிச்சம் இருக்குன்னும் ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.